ஆறு நாள் தாமதம்: ஒரு தோட்டச் சிற்றூரில் இறந்த கோழிகளும் பறவைக் காய்ச்சலும்

2017 மார்ச் மாத நடுவில், மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டச் சிற்றூர் ஒன்றில், ஏழு வீடுகளுக்குச் சொந்தமான 43 கோழிகளில் 31 கோழிகள் எட்டு நாளுக்குள் இறந்தன. முதல் கோழி விழுந்ததற்கும் மாவட்டக் கால்நடை அலுவலகத்துத் தொலைபேசி ஒலித்ததற்கும் இடையில் ஆறு நாள் ஓடியிருந்தது. அந்த அலுவலகத்தில் அப்போது களப்பணியாளனாக இருந்தவன் நான். ஆய்வுக்கூட முடிவு பறவைக் காய்ச்சல் இல்லை என்றே வந்தது. முடிவை ஒளித்துவைத்து வாசகரை இழுத்துச் செல்லும் நோக்கம் இல்லாததால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஆறு நாளில் கோழிகளும் அவற்றின் இறைச்சியும் இறகும் எச்சமும் எங்கெங்கே போயின என்று பின்னர் ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தபோது, 1997 முதல் ஆசியாவில் இந்த நோய் நடந்த பாதைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரிசை வீட்டின் பின்கட்டிலேயே இருந்தன. நோய் இல்லாத ஒரு நிகழ்வை முழு ஆய்வாக எழுத எனக்கு அதுவே போதிய காரணம்.

ஊரின் பெயரைக் குறிப்பிடவில்லை. கோழி வளர்த்தவர்கள் இன்னும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

இடம்

ஊர் என்றால் ஒரு கடைத்தெரு, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு சுகாதார நிலையம், தோட்டத்தின் பழைய எல்லையில் ஒரு முனீஸ்வரர் கோயில், அவ்வளவுதான். கித்தா (ரப்பர்) மரங்கள் போய்ச் செம்பனை வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. லயங்களை, அதாவது பழைய தொழிலாளர் குடியிருப்புகளை, இடித்து வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கும் பழக்கம் லயத்திலிருந்து வரிசை வீட்டுக்குக் கூடவே குடிவந்துவிட்டது. பின்வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் கிடக்கும் பத்தடி நிலத்தில், பழைய தகரமும் பலகையும் கொண்டு அடித்த கூடுகள் நின்றன. பகலில் கோழிகள் எல்லா வீட்டுக்கும் பொதுவாக மேய்ந்து, பொழுது சாயும்போது தத்தம் கூட்டில் ஏறிக்கொள்ளும். ஏழு வீட்டுக் கோழிகள் என்று நாங்கள் பதிவேட்டில் எழுதினோமே தவிர, நோய்க் கிருமியின் கணக்கில் அது ஒரே மந்தைதான்.

சாக்கடை போய்ச் சேரும் இடம் ஒரு பழைய ஈய லம்பக் (சுரங்கக்) குட்டை. பேராக்கின் கைவிடப்பட்ட லம்பங்களில் மீனும் வாத்தும் சேர்த்து வளர்ப்பது வெகுகால வழக்கம். இந்தக் குட்டையிலும் இருபது முப்பது வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன, காலையும் மாலையும் கொக்குகள் வந்து இறங்கின. இந்த வாத்துகள் ஒன்றுகூட அந்த எட்டு நாளில் சாகவில்லை. அப்போது ஊரார் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதுதான் முதல் கவலையாக இருந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆறு நாள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வரிசையின் கடைசி வீட்டில் இருக்கும் எழுபது வயதுப் பாட்டி கூட்டைத் திறந்தபோது இரண்டு பெட்டைகள் விறைத்துக் கிடந்தன. நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய கை அவருடையது. கோழி சாவதைப் பார்த்துப் பதறுகிற ஆள் அல்லர். இரண்டையும் ஒரு பழைய உரச் சாக்கில் போட்டுச் செம்பனை நிரையின் ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். பின்னர் நான் விசாரித்தபோது அவர் சொன்ன பதிலை என் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “வெயிலும் மழையும் மாறி மாறி அடிச்சா கோழி சாவுறதுதானே தம்பி, இதுக்கெல்லாமா ஆபீசுக்குப் போன் போடுவாங்க?”

புதன், வியாழன் இரு நாளிலும் மேலும் ஏழு கோழிகள் இறந்தன. தலை தொங்கிய இரண்டைச் சாவதற்கு முன்பே அறுத்துவிடுவது நல்லது என்று பாட்டி அறுத்தார். வெந்நீரில் முக்கி, பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து இறகு பறித்தார். பக்கத்து வீட்டு மருமகள் கூட இருந்து உதவினார். குடலும் இறகும் சாக்கடையில் போயின. ஒரு கோழி குழம்பானது, மற்றதில் பாதி பக்கத்து வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை நோய் மூன்றாவது வீட்டுக்குப் போயிற்று. அங்கே பங்குனிப் பூசைக்கென்று முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்ட மூன்று சேவல்கள் இருந்தன. நேர்ந்துவிட்ட உயிரை நோயில் சாகவிடுவது தெய்வக் குற்றம் என்று அஞ்சிய வீட்டுக்காரர், அன்று இரவே அவற்றைக் கூடையில் கட்டி மோட்டாரில் ஏற்றி, வேறொரு தோட்டத்தில் இருக்கும் தம் அக்காள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். நோயிலிருந்து சேவலைக் காப்பாற்றுவதாக அவர் நினைத்தார். நோயைக் கூடையில் வைத்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோக இதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை தொடங்கியது. பாட்டியின் ஒன்பது வயதுப் பேரன் ஈப்போவிலிருந்து வந்து இறங்கினான். சோர்ந்து கிடந்த குஞ்சுகளை எடுத்து மடியில் வைத்து, வாயைத் திறந்து தண்ணீர் ஊட்டினான். திங்கட்கிழமை காலையில் அவனுடைய வலக்கண் சிவந்து நீர் வடிந்தது, உடம்பும் லேசாகக் காய்ந்தது. பாட்டி அவனைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்.

அண்டை மாநிலமான கிளந்தானில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டிருப்பதாக அம்மாதத் தொடக்கத்தில்தான் செய்தி வந்திருந்தது. சுகாதார நிலையத்தில் பணியில் இருந்த உதவி மருத்துவ அதிகாரி கண்ணைப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு நடுவே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டார்: வீட்டில் கோழி இருக்கிறதா, அது நலமாக இருக்கிறதா என்று. அந்தக் கேள்விக்குப் பின் அரை மணி நேரத்தில் எங்கள் அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. ஆறு நாளும் இருபது கோழிகளும் கடந்த பிறகு, கோழி வளர்த்தவர் ஒருவரும் சொல்லாத செய்தியை ஒரு சிறுவனின் கண் சொல்லியது.

மாதிரி எடுத்த பிற்பகல்

நாங்கள் போனபோது மணி இரண்டரை. முகக்கவசமும் கண்ணாடியும் முழுமேலாடையும் அணிந்து வண்டியிலிருந்து இறங்கினால் தெருவே கூடிவிடும் என்பது அனுபவம். ஆகவே பின்பக்கத்துச் செம்பனைப் பாதையில் வண்டியை நிறுத்தி அங்கேயே அணிந்துகொண்டோம். உயிரோடிருந்த கோழிகளில் ஒன்று காலை இழுத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றியது. இன்னொன்று கழுத்தை முறுக்கி, அலகு வானத்தைப் பார்க்க, அசையாமல் நின்றது. கூட்டின் தரையில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல்.

இந்த அடையாளங்களைப் பார்த்த எந்தக் கிராமத்தாரும் வெள்ளைக்கழிச்சல் என்பார். தமிழ்நாட்டில் அதற்கு இராணிக்கேட் என்றும் ஒரு பெயர்; ஆங்கிலேயர் நியூகாசல் என்றார்கள்; மலாய்க்காரர் சம்பார் என்பர், நம் வீட்டுக் குழம்புக்கும் அதற்கும் உறவில்லை. கழுத்து முறுக்கு அந்நோயின் பழைய முத்திரை. பறவைக் காய்ச்சலுக்கோ கொண்டை நீலம் பாய்வதும், தலை வீங்குவதும், கால் செதில்களுக்குக் கீழே இரத்தம் கசிவதும், ஒன்றுமே தெரியாமல் திடீரென்று விழுந்து சாவதும் அடையாளங்கள். ஆனால் ஏட்டில் எழுதியிருப்பதைப் போல நோய்கள் கூட்டில் வந்து வரிசையாக நிற்பதில்லை. பறவைக் காய்ச்சலின் கொடிய வகையான எச்5என்1 மூளையைத் தாக்கினால் கோழி கழுத்தை முறுக்கும். கடுமையான வெள்ளைக்கழிச்சலில் கோழி காலையில் தீனி தின்று மாலையில் செத்துக் கிடக்கும். கண்ணால் பார்த்து இதுதான் என்று சொல்பவர் யாராயினும், நான் உட்பட, ஊகிக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

ஒன்பது உயிர்க் கோழிகளிலிருந்து தொண்டையிலும் கழிவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தோம்; மூன்று சடலங்களை இரட்டை உறையில் கட்டினோம். கால் மணி நேரத்தில் விடை தரும் விரைவுப் பட்டை இன்புளுவென்சா இல்லை என்று காட்டியது. அந்தப் பட்டை ‘உண்டு’ என்றால் நம்பலாம், ‘இல்லை’ என்றால் நம்பலாகாது. கிருமி குறைவாக இருந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, மரபணுச் சோதனைக்காக ஈப்போவில் இருக்கும் கால்நடை ஆய்வுக் கழகத்துக்கு அன்று மாலையே அனுப்பினோம். சடலங்களைப் புதைக்க ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டினோம். முதல் நாள் செம்பனை ஓரத்தில் போட்ட சாக்கைத் தேடிப் போனபோது சாக்கு மட்டும் கிழிந்து கிடந்தது. நாய் இழுத்ததா, உடும்பு இழுத்ததா, தெரியவில்லை.

விசாரணையில் கடைசியாக வெளிவந்த செய்திதான் எங்களை இரண்டு இரவு தூங்கவிடாமல் செய்தது. வரிசையின் ஐந்தாவது வீட்டில் இருக்கும் லோரி ஓட்டுநர், கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் வாரம் இருமுறை போய்வருபவர். பிப்ரவரி இறுதியில் கிளந்தானிலிருந்து ஒரு சண்டைச் சேவல் வாங்கி வந்திருந்தார். ஊரே செத்துக்கொண்டிருக்க அந்தச் சேவல் மட்டும் மினுமினுத்த இறகோடு, ஒரு கால் தூக்கி, கம்பின் மேல் நின்றது. “அண்ணே, ஊசியெல்லாம் போட்டாச்சுன்னு சொல்லித்தான் கொடுத்தான். பாருங்க, எப்படி நிக்கிது,” என்றார் ஓட்டுநர், பெருமையோடு. அதற்கும் ஒரு குச்சி போட்டேன். என் கையைக் கொத்தியது.

கிருமி வளர்ந்த விதம்

இரண்டு இரவு ஏன் தூங்கவில்லை என்பது விளங்க, இந்தக் கிருமியின் வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

இன்புளுவென்சா ஏ வகைக் கிருமிகளின் பூர்வீக வீடு நீர்ப்பறவைகளின் குடல். வாத்தும் உள்ளானும் அவற்றைச் சுமந்து, பெரும்பாலும் நோயே தெரியாமல், எச்சத்தோடு நீரில் விட்டுச் செல்கின்றன. இந்த மென்மையான கிருமி கோழிப் பண்ணைக்குள் புகுந்து, நெருக்கி அடைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான உடல்களில் ஓயாமல் பெருகும்போதுதான் குணம் மாறுகிறது. மாற்றத்தை நம் ஊர் முறையில் சொல்வதானால், பால்மரத்தில் பட்டை வெட்டுப்பட்டால்தான் பால் இறங்கும் என்பதைப் போல, இந்தக் கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டால்தான் கிருமி உயிரணுவுக்குள் இறங்க முடியும். மென்மையான கிருமியை வெட்டும் கத்தி கோழியின் மூச்சுக்குழலிலும் குடலிலும் மட்டுமே உண்டு. எனவே நோயும் அங்கேயே நின்றுவிடும். எச்5, எச்7 வகைகளில் சில, அந்த வெட்டுமிடத்தில் சில அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கின்றன. அப்போது உடலின் எல்லா உறுப்பிலும் இருக்கும் ஃபியூரின் என்ற பொதுவான கத்தியே அதை வெட்டிவிடுகிறது; ஈரல், இதயம், மூளை என்று எங்கும் கிருமி இறங்கி, இரண்டே நாளில் கோழியைக் கொல்கிறது.

இன்று உலகைச் சுற்றிவரும் எச்5என்1 மரபின் மூதாதை, 1996-ல் சீனாவின் குவாங்டோங்கில் ஒரு பெருவாத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டே ஹாங்காங்கில் அது மனிதருக்குத் தாவி, 18 பேரைப் பிடித்து 6 பேரைக் கொன்றது. ஆண்டின் இறுதி நாள்களில் அந்நகரம் தன்னிடமிருந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை ஒழித்தது. மனித நோயும் அதோடு நின்றது. ஆனால் மூதாதை ஹாங்காங்கில் இல்லை, தென்சீனத்து வாத்துகளிடம் இருந்தது. 2003 இறுதியிலும் 2004-லும் தென்கொரியா, வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா என்று அடுத்தடுத்து விழுந்தன. அதே 2004 ஆகஸ்டில் கிளந்தானின் தும்பாட் வட்டாரத்தில் பாசிர் பெக்கான் என்ற கம்பத்தில் (மலாய்ச் சிற்றூரில்) மலேசியா முதன்முதலாக எச்5என்1-ஐக் கண்டது. எல்லை தாண்டிக் கடத்திவந்த சண்டைச் சேவல்கள் வழியாகவே அது வந்ததாகக் கருதப்பட்டது. தாய்லாந்து எல்லையில் ஓடும் கோலோக் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பிராது. வறண்ட மாதங்களில் முழங்கால் நீரில் கூடையோடு நடந்தே கடந்துவிடலாம். 2006 பிப்ரவரியில் கோம்பாக்கிலும், தொடர்ந்து பேராக்கிலும் பினாங்கிலும், 2007 ஜூனில் சுங்கை பூலோ அருகே பாயா ஜாராசிலும் அது திரும்ப வந்தது. இத்தனையிலும் இந்நாட்டில் மனிதர் ஒருவருக்கும் எச்5என்1 உறுதிப்படவில்லை. அதைத் திறமை என்றும் சொல்லலாம், கொடுப்பினை என்றும் சொல்லலாம். மலாக்கா நீரிணைக்கு அப்பால், வட சுமத்திராவின் காரோ மாவட்டத்தில், 2006 மே மாதம் ஒரே குடும்பத்தில் எட்டுப் பேருக்கு நோய் கண்டு ஏழு பேர் இறந்ததை நினைத்தால், கொடுப்பினையின் பங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

சண்டைச் சேவலைப் பற்றி ஒரு சொல். காட்டுப் பறவைதான் நோயைக் கொண்டுவருகிறது என்று கேட்டுக் கேட்டு, ஊரில் எல்லாரும் வானத்தைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். 2005-ல் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள் இறந்து, அதற்குப் பின் இந்த மரபு ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனது உண்மை. ஆனால் ஒரு நாட்டுக்குள், ஒரு மாவட்டத்துக்குள் நோய் நகர்வது பெரும்பாலும் கூடையிலும் லோரியிலும் முட்டைத் தட்டிலும் செருப்படியிலும்தான். தாய்லாந்து அரசு இதை உணர்ந்து சண்டைச் சேவல்களுக்குக் கடவுச்சீட்டே வழங்கியது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் தன் எதிரியின் கால் எது என்று கண்டுபிடித்த சட்டம் அது. வாத்து மற்றொரு கால். நெல் வயலில் மேயும் வாத்து, கோழியைக் கொல்லும் கிருமியைச் சுமந்துகொண்டே நலமாகத் திரியக்கூடும் என்பது தாய்லாந்திலும் வியட்நாமிலும் தெளிவாகியது. லம்பக் குட்டையில் ஒரு வாத்தும் சாகாதது ஆறுதலன்று என்று நான் சொன்னதன் காரணம் இதுதான்.

கிருமியின் மரபுப் பொருள் எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருப்பது அதன் பெரிய பலம். ஒரே உயிரணுவுக்குள் இரண்டு வகைக் கிருமிகள் புகுந்தால், துண்டுகள் மாறிக் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும். ஆசியக் கோழிகளில் அமைதியாகக் குடியிருக்கும் எச்9என்2 என்ற கிருமி இவ்வகையில் பலருக்கும் துண்டு கடன் கொடுத்திருக்கிறது. 2013-ல் சீனாவில் தோன்றிய எச்7என்9-இன் உள் துண்டுகள் ஆறும் அதனிடமிருந்து வந்தவை. அந்த எச்7என்9 தொடக்கத்தில் கோழிக்கு ஒன்றும் செய்யவில்லை. கோழி நலமாக இருந்தது, அதை வாங்கச் சந்தைக்குப் போன மனிதர் இறந்தார். 1,500-க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டு, அவர்களில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2014-ல் மலேசியாவின் சபா மாநிலத்தில் இருந்த சீனச் சுற்றுப்பயணி ஒருவருக்கும் அது உறுதிப்பட்டது. 2017 இலையுதிர் காலத்தில் சீனா கோழிகளுக்குப் பெரும் அளவில் எச்5, எச்7 தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகே மனித நோய் ஏறக்குறைய நின்றது.

தடுப்பூசிக்கு ஆதரவாக இதைவிடப் பெரிய சான்று இல்லை. அதற்கு எதிரான அச்சத்துக்குச் சான்றோ அந்தக் கம்பின் மேல் நின்ற சேவல். ஊசி போட்ட பறவை நோயில் விழாது. ஆனால் கிருமியை ஓரளவு வெளியிட்டுக்கொண்டிருக்கக்கூடும். சாவுதான் கிராமத்தின் ஒரே எச்சரிக்கை மணி என்றிருக்க, அந்த மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் கண்காணிப்பை ஆய்வுக்கூடம் முழுமையாகத் தோளில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்க முடிந்த நாடு ஊசி போடலாம் என்பது என் கருத்து. முடியாத நாடு அழிப்பு வழியிலேயே நிற்பது நல்லது.

மனிதருக்குள் வருவது

2003 முதல் உலகில் எச்5என்1 கண்டதாக உறுதியான மனிதர்கள் 900-க்கு மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தார்கள். இத்தனை கொடிய கிருமி இருபது ஆண்டுக்கு மேலாகியும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவாமல் இருப்பதற்குக் காரணம் அது பற்றிக்கொள்ளும் இடம். பறவைக் கிருமி தேடும் பிடிப்பு, நம் மூக்கிலும் தொண்டையிலும் அரிது, நுரையீரலின் அடியில் உண்டு. அடிவரை போனால் கொல்லும்; ஆனால் அங்கிருந்து இருமலில் எளிதாக வெளியே வராது. வெப்பமும் ஒரு தடை. கோழியின் உடல் 41 டிகிரியை ஒட்டியது, நம் மூக்கோ 33 டிகிரியை ஒட்டியது. பிபி2 என்ற துண்டில் 627-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் கிருமி அந்தக் குளிரிலும் பெருகப் பழகிவிடும்; மனித நோயாளிகளிடம் அந்த மாற்றம் பலமுறை கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. 2012-ல் ரோட்டர்டாமிலும் விஸ்கான்சினிலும் இரண்டு ஆய்வுக்கூடங்கள், சில மாற்றங்கள் சேர்ந்தாலே ஃபெரெட் என்ற விலங்குகளிடையே இக்கிருமி காற்றில் பரவும் என்று காட்டி, அப்படி ஒன்றைச் செய்து பார்க்கலாமா என்ற சண்டையையும் தொடங்கி வைத்தன.

பாட்டியின் குழம்பு அச்சத்துக்குரியதன்று. 70 டிகிரியில் உள்வரை வெந்த இறைச்சியில் இக்கிருமி பிழைக்காது. பாட்டி கோழிக்குழம்பை அடுப்பில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு இறக்கமாட்டார். ஆபத்து அடுப்புக்கு முன்னே, குழாயடியில் இருந்தது. வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் நோய் கண்டவர்களின் விசாரணைகளில் மீண்டும் மீண்டும் வருவது, நோயுற்ற கோழியை அறுத்தது, இறகு பறித்தது, குடல் எடுத்தது, செத்த கோழியோடு குழந்தை விளையாடியது என்பவைதாம். அந்த வேலை பெண்களுடையது, அந்த விளையாட்டு பிள்ளைகளுடையது. எச்சத்தில் கிருமி 37 டிகிரியில் ஆறு நாள் வரை, 4 டிகிரியில் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடிருக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் குறிப்பிட்டிருக்கிறது. நம் வெயில் நமக்கு உதவுகிறது. ஆனால் நிழல் விழுந்த சாக்கடையை நான் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

கண்ணுக்கு வருவோம். 2003-ல் நெதர்லாந்தில் எச்7என்7 பரவி 3 கோடிக் கோழிகளை ஒழித்தபோது, அவற்றைக் கையாண்டவர்களில் 89 பேருக்கு நோய் உறுதியாயிற்று. பெரும்பாலோருக்குக் கண் சிவந்ததே நோய், ஆனால் ஒரு கால்நடை மருத்துவர் நுரையீரல் அழற்சியில் இறந்தார். எங்கள் சிற்றூர் நிகழ்வு நடந்து ஏழு ஆண்டு கழித்து, 2024-ல் அமெரிக்காவின் டெக்சாசில் பால்மாடுகளுக்கு எச்5என்1 பரவியபோதும் ஒரு பண்ணைத் தொழிலாளிக்கு முதலில் தெரிந்தது சிவந்த கண்கள்தான். பறவைக் கிருமி பற்றிக்கொள்ளும் பிடிப்பு நம் கண்சவ்வில் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் கிருமியும் மனிதருக்குச் செய்வது ஏறக்குறைய இதை மட்டுமே: கண் சிவந்து, சில நாளில் தானே ஆறும். ஒரே சிவப்புக்கு இத்தனை காரணங்கள். மருந்து கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றியிருந்தால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இறகு பறித்த இருவர், பேரன், சேவல் கொண்டுபோனவர், ஓட்டுநர் என்று ஐவரின் பெயரை அன்று மாலையே சுகாதார நிலையத்தாரிடம் கொடுத்தோம். கடைசித் தொடர்பிலிருந்து பத்து நாள் வெப்பம் பார்ப்பது என்று முடிவாயிற்று. பேரனின் தொண்டையில் மாதிரி எடுத்தார்கள். இந்நாட்டில் எங்கள் தலைமுறைப் பணியாளர் எவரும் இதில் அலட்சியம் காட்டமாட்டார். 1998-ல் பேராக்கில் தொடங்கிப் பின்னர் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கை உலுக்கிய, பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தாவிய நிப்பா நோயை முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள்; கிருமி வேறு என்று 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தெரியவருவதற்குள் காலம் போய்விட்டது, 105 பேர் மாண்டார்கள். தெரிந்த நோயின் பெயரை அவசரமாக ஒட்டுவதற்கு நாங்கள் கொடுத்த விலை அது.

முடிவும் பிறகும்

புதன்கிழமை பிற்பகல் ஈப்போவிலிருந்து முடிவு வந்தது: இன்புளுவென்சா இல்லை, நியூகாசல் கிருமி உண்டு. சண்டைச் சேவலின் மாதிரியிலும் நியூகாசல் உண்டு. ஊசி போட்டதாகச் சொன்னது பொய்யில்லை போலும். தான் விழாமல் ஊருக்கு வழங்கியிருக்கிறது. ஆனால் அது கிளந்தானிலிருந்தே கொண்டுவந்ததா, இங்கே வந்தபின் தொற்றியதா என்பதை நிறுவ எங்களிடம் முந்தைய மாதிரி இல்லை. பேரனின் தொண்டை மாதிரியிலும் இன்புளுவென்சா இல்லை. கண்ணிலிருந்து மாதிரி எடுக்காததால் சிவப்புக்குக் காரணம் நியூகாசல்தான் என்று நான் எழுத முடியாது. நான்காம் நாள் கண் தெளிந்தது. முனீஸ்வரரின் மூன்று சேவல்களில் இரண்டு அக்காள் வீட்டில் இறந்தன, அங்கே மேலும் பதினொரு கோழிகளோடு.

முடிவு வருவதற்கு முன் செவ்வாய்க்கிழமை இரவு, எச்5என்1 என்று வந்தால் அழிக்க வேண்டிய பரப்பை வரைபடத்தில் வட்டமிட்டு வைத்திருந்தேன். 2004 முதல் இந்நாட்டு நடைமுறை ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் பறவைகள் அனைத்தையும் அழிப்பது. வட்டத்துக்குள் தமிழ்ப்பள்ளி, கோயில், மூன்று வரிசை வீடுகள், குட்டையின் வாத்துகள், மலாய்க் கம்பத்தின் பாதி ஆகியவை வந்தன. அக்காளின் தோட்டத்துக்கு இன்னொரு வட்டம். முந்தைய வாரச் செவ்வாய்க்கிழமை, முதல் கோழி விழுந்த அன்றே தகவல் வந்திருந்தால் இரண்டாவது வட்டத்துக்கு வேலை இருந்திருக்காது. பேரனை வீட்டுக்கு அழைக்காமலும் இருந்திருக்கலாம். எச்சரிக்கைச் சுவரொட்டிகள் அந்த ஊர்க் கடைத்தெருவில் இல்லாமல் இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன, ‘அசாதாரண இறப்பு’ நேர்ந்தால் தெரிவிக்கச் சொல்லின. இரண்டு கோழி செத்ததை அசாதாரணம் என்று பாட்டி ஏன் கருத வேண்டும்? அவர் அனுபவத்தில் ஒவ்வோராண்டும் நடப்பதுதானே.

ஆகவே நாங்கள் செய்த மாற்றம் சிறியது. வெள்ளைக்கழிச்சல் ஊர்ச் சாதாரணமாக இருக்கும்வரை பறவைக் காய்ச்சல் அதன் போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும். எனவே முதலில் வெள்ளைக்கழிச்சலைக் குறைக்கப் பார்த்தோம். 1980-களில் செர்டாங்கில் இருந்த விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து, கம்பத்துக் கோழிக்குத் தீனியில் பூசிக் கொடுக்கத்தக்க, வெப்பம் தாங்கும் வி4 தடுப்பூசியை உருவாக்கினார்கள். உலகின் பல ஏழை நாடுகளுக்கு வழிகாட்டிய வேலை அது. அந்த வரிசை வீடுகளில் நாங்கள் கண்ணில் சொட்டு விடும் முறையையே பின்பற்றினோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், கோழிகள் கூட்டில் ஏறிய பிறகு. சுவரொட்டிக்குப் பதில் என் தொலைபேசி எண்ணைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கூட்டுத் தகரத்திலும் ஒட்டினேன். எத்தனை செத்தால் கூப்பிட வேண்டும் என்று பாட்டி கேட்டார். ஒன்று செத்தாலும் கூப்பிடுங்கள் பாட்டி, என்றேன்.

அவ்வாண்டு முனீஸ்வரர் பூசையில் சேவலுக்குப் பதில் பூசணிக்காய் வெட்டினார்கள். பூசாரிக்கு அதில் மனக்குறை இருந்ததாகக் கேள்வி. 2018-ல் சபாவின் துவாரானில் எச்5என்1 கண்டபோது அந்த வரிசையிலிருந்து மூன்று அழைப்புகள் வந்தன, மூன்றும் ஒன்றுமில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு காலை ஏழேகாலுக்குப் பாட்டி அழைத்தார். ஒரு பெட்டைக் கோழி, கழுத்தில்லாமல் கிடந்தது. போய்ப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுதினேன்: இறப்பு 1, தகவல் வர எடுத்த நேரம், ஒரு மணிக்கும் குறைவு, காரணம், உடும்பு.